முடிவுறாத புகையிரத நிலையம்

வீடு கட்டுவோர் ஒரு நாள் குடிபுகுவர்; பாலம் அமைப்போர் ஒரு நாள் அதனைத் திறந்து வைப்பர். பெருநகரங்களின் புகையிரத நிலையங்கள் சிலவற்றுக்கோ அத்தகைய நாள் வாய்ப்பதேயில்லை. மக்கள் வந்து போய்க்கொண்டிருக்கும்போதே அவை இடிக்கப்படுகின்றன; கட்டப்படுகின்றன; மீண்டும் இடிக்கப்படுகின்றன. யப்பானிலுள்ள யோக்கோகாமா நிலையம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

1872 ஆம் ஆண்டிலே யப்பானின் முதலாவது புகையிரதப் பாதை, தோக்கியோவிலுள்ள சிம்பாசியையும் துறைமுகப் பட்டினமாகிய யோக்கோகாமாவையும் இணைத்தது. அதன் நீளம் ஏறக்குறைய 29 கிலோமீற்றர். அக்காலத்தில் யோக்கோகாமாவே பாதையின் முடிவிடம்; ஆதலால் நிலையம் துறைமுகத்தை அண்டி அமைந்தது. 1887 இல் பாதை மேற்கே நீண்டபோது, முடிவிடம் இடைவழியாயிற்று. உள்ளே வந்த வண்டி மேலே செல்ல வழியின்றி, எஞ்சினைக் கழற்றி மறுமுனையிற் பூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்ப நேர்ந்தது. இவ்விடர் நீங்க, 1898 முதல் பிரதான பாதை நகரை விலக்கி நேரே சென்றது. தூரப் பிரயாணிகளுக்கு அது வசதி, நகரத்தாருக்கோ பெருங்குறை. நாட்டின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்று, விரைவு வண்டிகள் எட்டிப் பாராத ஊராயிற்று.

இருசாராரின் தேவையையும் நிறைவேற்றும் பொருட்டு 1915 இல் நிலையம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. பழைய நிலையம் சக்குராகிச்சோ என்னும் பெயருடன் இன்றும் இயங்குகின்றது. புதிய கட்டடத்தின் ஆயுளோ எட்டு ஆண்டுகளே. 1923 செப்டெம்பர் 1 ஆம் திகதி நேர்ந்த பெரும் பூமியதிர்ச்சியும் அதனைத் தொடர்ந்த தீயும் அதனை அழித்தன. 1928 இல், இப்பொழுதுள்ள இடத்தில் மூன்றாவது நிலையம் எழுந்தது.

இடம் நிலைத்ததாயினும் வேலை ஓயவில்லை. அதற்குக் காரணம் யாது? முதலாவது, பாதைகளின் பெருக்கம். 1933 க்குள் தனியார் பாதைகள் மூன்று வந்து சேர்ந்தன. 1976 இல் நகரசபையின் சுரங்கப் பாதையும், 2004 இல் துறைமுகப் பகுதிக்குச் செல்லும் மற்றொரு சுரங்கப் பாதையும் இணைந்தன. இன்று ஆறு நிர்வாகங்களின் வண்டிகள் அங்கு கூடுகின்றன. ஒன்று தன் மேடையை மாற்றினால், மற்றவற்றின் வாயிலும் வழியும் மாறவேண்டியனவாகின்றன.

இரண்டாவது காரணம், நிலையமே கூட்டத்தைப் பெருக்குவதாகும். வெறுநிலமாய்க் கிடந்த மேற்குப் புறத்தில் 1950 களிலே கடைவீதிகள் தோன்றின. கடைகளை நாடி மக்கள் வந்தனர். மக்கள் வரவே வழிகள் நெருக்கமாயின. வழிகளை அகலமாக்கவே மேலும் மக்கள் வந்தனர். அப்புறத்தில் 1962 இல் திறக்கப்பட்ட நிலையக் கட்டடம் 2011 இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 26 மாடிக் கோபுரமொன்று 2020 இல் திறக்கப்பட்டது.

இவ்வேலைகளுக்காக வண்டிகளை நிறுத்திவைக்க முடியாது. இரவின் கடைசி வண்டி போன பின்னர், விடியற்கால வண்டி வருமுன் கிடைக்கும் சில மணி நேரமே தண்டவாளத்தருகே வேலை செய்வோருக்கு உரியது. பாதையின் கீழே அகழ வேண்டுமாயின், தண்டவாளத்தைத் தற்காலிக இரும்பு உத்திரங்கள்மேல் தாங்கவைத்துச் சிறிது சிறிதாக அகழ்வர். காலையில் மேலே வண்டி வழக்கம்போல் ஓடும். அன்றிரவின் வேலையிற் சிறு பிழை நேரினும், மறுநாள் அதன் பலனை அனுபவிப்போர் பல்லாயிரம் பிரயாணிகளாவர்.

1882 இல் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகக் கட்டப்பட்டு வந்த பார்சிலோனாவின் சக்ராடா பமீலியா தேவாலயத்தின் பெயரை இந்நிலையத்துக்கு இட்டு யப்பானியர் வேடிக்கையாக வழங்குவர். எனினும் இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. தேவாலயத்துக்கு ஒரு முடிவுருவம் முன்னரே வகுக்கப்பட்டது. அதனை நோக்கியே கல்லின்மேற் கல் அடுக்கப்பட்டது. நிலையத்துக்கு அத்தகைய முடிவுருவம் இல்லை. நகரம் வளருந்தோறும் அதுவும் மாறவேண்டும். ஆகவே, கட்டி முடிந்தபின் எத்துணை அழகாயிருக்கும் என்பது அதற்குரிய அளவுகோலன்று. பலகைத் தடுப்புகளுக்கிடையே, நேற்றிருந்த வழி இன்று மாறியிருக்கும் வேளையிலும், முதியவரும் கண்பார்வையற்றவரும் கைக்குழந்தையுடன் வரும் தாயும் தத்தம் வண்டியை இடரின்றிச் சென்றடைகின்றனரா என்பதே உரிய அளவுகோலாகும்.