பழைய மேசை மின்வழங்கியில் பழுது கண்டறிதல்

மேசை மின்வழங்கி என்பது வீட்டு மாறுதிசை மின்சாரத்தை, வேண்டிய அளவு நேர்திசை மின்னழுத்தமாக மாற்றித் தரும் ஆய்வகக் கருவி ஆகும். 1960, 1970களில் வெளிவந்த கருவிகளில் பல நேரியல் வகையைச் சேர்ந்தவை. மின்மாற்றி, டையோடுகள், வடிகட்டும் மின்தேக்கி, மின்னோட்டத்தைக் கடத்தும் ஆற்றல் டிரான்சிஸ்டர் என இவற்றின் பகுதிகள் வரிசையாக அமைந்திருக்கும். அந்த டிரான்சிஸ்டரைக் கட்டுப்பாட்டுச் சுற்று இயக்கும். பழுதையும் இதே வரிசையில் தேடுவது எளிது.

முதன்மை ஆபத்து

வெளியீடு இல்லாமல் போவதைவிட, அது கட்டுக்கடங்காமல் உயர்வதே ஆபத்தானது. 2என்3055 போன்ற ஆற்றல் டிரான்சிஸ்டர் உள்ளே குறுக்குச்சுற்றானால், மின்தேக்கியில் உள்ள மின்னழுத்தம் ஏறத்தாழ முழுவதும் வெளிமுனைக்கு வந்துவிடும். 5 வோல்ட்டில் இயங்கும் சுற்று அப்போது இணைந்திருந்தால் எரிந்துபோகும். எனவே சோதனை முடியும்வரை எந்தச் சுற்றையும் இணைக்கக் கூடாது.

தொடங்கும் முன்

மின்செருகியைக் கழற்றிய பிறகும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதைத் திருப்புளியால் குறுக்கிடாமல், 220 ஓம், 5 வாட் மின்தடை வழியாக இறக்கி, மீட்டரில் சுழி காட்டுவதை உறுதிசெய்ய வேண்டும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைப்பது நல்லது. பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் பெரும்பாலும் கவலையில்லை. தொடர்ந்து பளிச்சென எரிந்தால் உள்ளே குறுக்குச்சுற்று உள்ளது.

சோதனை வரிசை

- உருகி, மின்மாற்றி: உருகி எரிந்திருந்தால் காரணம் அறியாமல் புதியதைப் போடக் கூடாது. மின்மாற்றியின் இரண்டாம் சுருளில் 20 வோல்ட் மாறுதிசை இருந்தால், பாலத் திருத்திக்குப் பின் சுமையற்ற நிலையில் ஏறத்தாழ 27 வோல்ட் நேர்திசை கிடைக்கும்.
- டையோடு, மின்தேக்கி: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முழு அலைத் திருத்தியின் சிற்றலை 100 ஹெர்ட்ஸாக இருக்கும். அலைகாட்டியில் 50 ஹெர்ட்ஸ் தெரிந்தால் ஒரு டையோடு திறந்திருக்கக்கூடும். 100 ஹெர்ட்ஸ் சிற்றலை சுமையின்போது மிகுந்தால், மின்தேக்கி உலர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.
- ஆற்றல் டிரான்சிஸ்டர்: கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இருதிசையிலும் சுழிக்கு அருகில் ஓம் காட்டினால், அதைக் கழற்றித் தனியே சோதிக்க வேண்டும். 2என்3055இன் உலோக உறையே கலெக்டர் என்பதால், மாற்றும்போது மைக்காத் தகட்டை மறவாமல் வைக்க வேண்டும்.
- கட்டுப்பாட்டுச் சுற்று: குமிழைத் திருப்பும்போது மின்னழுத்தம் துள்ளினால், மாறுமின்தடையின் தடம் தேய்ந்தோ அழுக்கேறியோ இருக்கலாம். சில ஆய்வகக் கருவிகளின் பின்புறத்தில், வெளியீட்டை உணரும் முனைகளை இணைக்கும் உலோகப் பட்டைகள் உண்டு. அவை தளர்ந்தாலே நல்ல கருவியும் பழுதானதுபோல் நடந்துகொள்ளும்.

இறுதிச் சோதனை

டிரான்சிஸ்டர் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. மின்னோட்ட வரம்புச் சுற்று செயலிழந்திருந்தால் புதியதும் கெட்டுவிடும். ஆகவே அந்த வரம்பு வேலை செய்வதைக் குறைந்த அளவில் முதலில் சரிபார்க்க வேண்டும். பின்னர் 12 வோல்ட்டில் 10 ஓம், 25 வாட் மின்தடையைச் சுமையாக இணைத்தால் 1.2 ஆம்பியர் பாயும். அரைமணி நேரம் மின்னழுத்தம் மாறாமல் நின்றால் கருவியைப் பயன்படுத்தலாம்.