தேரைச் செப்பனிடுதல்

‘ஊர் கூடித் தேர் இழுத்தல்’ என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். பலர் ஒன்றுபட்டால் அரிய செயலும் கைகூடும் என்பது அதன் கருத்து. ஆயின், ஊரார் வடம் பிடிப்பதற்கு முன்னரே சிலர் கூடி அமைதியாகச் செய்யும் பணி ஒன்று உண்டு. அதுவே தேரைச் செப்பனிடும் பணி. அப்பணி செவ்வனே நடைபெறாவிடின், ஆயிரம் பேர் இழுப்பினும் தேர் அசையாது. அசைந்தால் அது பேரிடராகவும் முடியும்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்பகுதியில் திருவில்லிபுத்தூர் அமைந்துள்ளது. பதினொரு நிலைக் கோபுரத்தாலும் ஆண்டாள் பிறந்த ஊர் என்னும் பெருமையாலும் சிறந்தது அது. ஆடிப்பூரத் திருநாளில் ஆண்டாளும் அரங்கமன்னாரும் பெருந்தேரில் எழுந்தருள்வர். ஆலங்குளம், இராசபாளையம் முதலிய ஊர்களிலிருந்து மக்கள் திரளாகச் செல்வர். முன்னாளில் கரிசல் நிலத்து உழவர்கள் கூண்டு வண்டி கட்டிக் குடும்பத்தோடு சென்றனர். மரச் சக்கரங்களின் மேல் ஓடிய அந்நாளில் திருவில்லிபுத்தூர்த் தேர் வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்து சேரப் பல நாள்கள் ஆகும். இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக் என்னும் அழுத்தத் தடையும் பொருத்தப்பட்ட பின்னர் அந்நிலை மாறிற்று.

தேரின் உறுப்புகளை முதலில் அறிதல் வேண்டும். அடியில் சக்கரங்களும், அவற்றைத் தாங்கும் அச்சுகளும் உள்ளன. அச்சுகளின் மேல் பெரிய மரச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் மேல் சிற்பங்கள் நிறைந்த பீடங்கள் அடுக்கடுக்காக அமையும். திருவிழாக் காலத்தில் மட்டும் அதற்கு மேலே மூங்கிலாலும் மரக்கால்களாலும் உயர்ந்த கூடு கட்டி, வண்ணத் துணிகளால் அழகு செய்வர். இலுப்பை, தேக்கு, வேங்கை முதலிய உறுதியான மரங்களே தேர்ப்பணிக்கு ஏற்றவை.

மரம் எத்துணை வலியதாயினும் வெயிலில் சுருங்கும், மழையில் பருக்கும். பொருத்துகளின் இடுக்கில் நீர் தங்கினால் உள்ளே உளுத்துப் போகும். கறையானும் உட்புகும். வெளியே பார்ப்பதற்கு நலமாகத் தோன்றும் சட்டம், உள்ளே பொள்ளலாய் இருத்தல் கூடும். ஆகவே தச்சர் கண்ணை மட்டும் நம்புவதில்லை. கொட்டாப்புளியால் தட்டி ஓசையைக் கேட்பர். உறுதியான மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மழுங்கிய ஓசை தரும். ஐயம் எழும் இடத்தில் உளி முனையை ஊன்றிப் பார்ப்பர்.

பழுது இன்னதென அறிந்தபின் தேரை உயர்த்துதல் வேண்டும். இதற்கு ஜாக்கி என்னும் தூக்குகருவிகளை நான்கு மூலைகளிலும் வைப்பர். நான்கையும் சிறிது சிறிதாக, ஒரே அளவாக உயர்த்துவர். ஒரு மூலை மட்டும் விரைந்து உயர்ந்தால் தேரின் உடல் முறுக்குண்டு, நல்ல பொருத்துகளும் வாய் பிளக்கும். ஒவ்வொரு முறை உயர்த்தியதும் அடியில் கட்டைகளை அடுக்கி அணை கொடுப்பர். கருவி நழுவினாலும் கட்டைகள் தாங்கும் அன்றோ? அணை கொடாமல் பாரத்தின் கீழே ஒருவரும் புகுதல் கூடாது.

பக்கங்கள் ஒருங்கே நகரவேண்டும் என்னும் இவ்விதி தேருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கா முதலிய நாடுகளில் சக்கரங்களின் மேல் அமைந்த வீட்டு வண்டிகள் உண்டு. வண்டி நின்றபின் அவற்றின் பக்க அறை பெட்டியின் இழுப்பறைபோல வெளியே நீளும். புறப்படுமுன் உள்ளே அடங்கும். அவ்வறையின் ஒரு முனை முந்தி, மறுமுனை பிந்தினால் அறை கோணலாகச் சிக்கிக்கொள்ளும். இடுக்கின் வழியே மழைநீர் புகுந்து தரைப்பலகை உளுக்கும். அதனைச் செப்பனிடுவோரும் முதலில் உளுத்ததை நீக்கி, பின்பு இரு முனைகளும் ஒத்து நகருமாறு சீர்செய்வர். நாடு வேறாயினும் தச்சு நூலின் நெறி ஒன்றே.

உளுத்த பகுதியை வெட்டி நீக்கும்போது சிறிதும் இரக்கம் காட்டலாகாது. எஞ்சிய உளுப்பு புதிய மரத்தையும் பற்றிக்கொள்ளும். புதிதாகச் சேர்க்கும் மரம் நன்கு உலர்ந்ததாய் இருத்தல் வேண்டும். பச்சை மரம் பின்னர்ச் சுருங்கி, பொருத்துத் தளர்ந்துவிடும். ஒன்றில் கழுந்தும் மற்றொன்றில் துளையும் செதுக்கி இரண்டையும் இறுகப் பிணைப்பர். வேண்டிய இடங்களில் இரும்புப் பட்டைகளும் இடுவர்.

அடுத்தது அளவு காணுதல். அடிச்சட்டத்தின் எதிரெதிர் மூலைகளைக் கயிற்றால் அளப்பர். எதிர்ப் பக்கங்கள் ஒத்திருந்து, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாயின் சட்டம் நேராக உள்ளது எனக் கொள்ளலாம். அச்சுகள் இணையாக அமையாவிடில் தேர் ஒருபுறமாகவே இழுக்கும். ரசமட்டத்தால் கிடைமட்டமும், தூக்குக்குண்டால் நிமிர்வும் பார்ப்பர். இங்கே சிறு பிழையும் பெரிதாகும். சக்கரங்களுக்கு இடைவெளி 10 அடி என்றும், ஒரு பக்கம் 1 அங்குலம் தாழ்ந்துள்ளது என்றும் கொள்வோம். 60 அடி உயரத்திலுள்ள உச்சி அப்போது 6 அங்குலம் சாயும். அடியில் விரலளவு, முடியில் சாணளவு!

ஓடும் தேரை நிறுத்துவது ஓட்டுவதினும் அரிது. மரத்தாலான முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் முன் இட்டுத் தேரை நிறுத்துவதும், சாய்வாக இட்டுத் திசை திருப்புவதும் பழைய முறை. கட்டை போடுவோர் உருளும் சக்கரத்தின் அருகிலேயே குனிந்து நடப்பர். ஒரு நொடி தவறினாலும் உயிருக்குக் கேடு. அழுத்தத் தடை இத்துன்பத்தைக் குறைத்தது. அடைத்து வைத்த நீர்மத்தின் மீது ஓரிடத்தில் தரும் அழுத்தம் எத்திசையிலும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்தார். அவ்வுண்மையே இத்தடைக்கு அடிப்படை. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் திருவாரூர் ஆழித்தேர் முதலியவற்றிற்கு இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும் தடைகளும் அமைத்துத் தந்துள்ளது. ஆயினும் தேரை வளைத்துத் திருப்ப முட்டுக்கட்டையும், கட்டை போடுவோரின் கைத்திறனும் இன்றும் வேண்டப்படுகின்றன.

பணி முடிந்ததும் வெள்ளோட்டம் விடுவர். அச்சு முனகுகிறதா, சக்கரம் ஆடுகிறதா, தடை பற்றுகிறதா என்பவற்றை அப்போது காண்பர். தேரைப் பார்த்தால் மட்டும் போதாது. அது செல்லும் வழியையும் பார்த்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் ஒன்று உயர் அழுத்த மின்கம்பியில் பட்டதால் 11 பேர் உயிரிழந்தனர். சிறுவரும் அவருள் இருந்தனர். தெருவின் மேடுபள்ளம், மேலே செல்லும் கம்பி, மக்கள் ஒதுங்கி நிற்கும் இடம் ஆகியவற்றை முன்னரே ஆராய்ந்து ஆவன செய்தல் செப்பனிடும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

உருளும் பெருந்தேருக்கு அச்சாணி போன்றவர் உலகில் உண்டு. ஆதலின் உருவச் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது என்று திருவள்ளுவர் அறிவுறுத்தினார். திருநாளன்று கண்கள் யாவும் தேரின் உச்சியையே நோக்கும். தச்சரும் கொல்லரும் கட்டை போடுவோரும் அடியிலுள்ள அச்சையும் ஆணியையும் நோக்கியவாறே நடப்பர். அவர்கள் அங்ஙனம் கீழே நோக்குவதனாலேயே ஊரார் அச்சமின்றி மேலே நோக்கி மகிழ்கின்றனர்.