கண்ணழுத்த நோயும் உறக்கமும்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி மூட்டைகள் வந்து குவிவதும், பொழுது சாய்ந்தபின் லாரிகள் கேரளத்தை நோக்கிப் புறப்படுவதும் இவ்வட்டாரத்தார் யாவரும் அறிந்ததே. சந்தையில் இருப்போர்க்கு இரவில் விழித்திருப்பது தொழில். ஆனால், சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்ட முதியோர் சிலரும் திண்ணையில் புரண்டு புரண்டு விடியுமட்டும் விழித்துக் கிடப்பதை நாம் காண்கிறோம். "வயதாயிற்று, தூக்கம் குறைந்துவிட்டது" என்று வீட்டார் அதைப் பொருட்படுத்துவதில்லை. அம்முதியவர் கண்ணழுத்த நோய்க்கு மருந்து ஊற்றிக்கொள்பவராயின் அவ்வாறு விட்டுவிடலாகாது.

கிளாக்கோமா என்று டாக்டர்கள் கூறும் இந்நோயைக் கிராமத்தார் "கண்ணில் பிரஷர்" என்கின்றனர். கண்ணின் உட்புறத்தில் ஒருவகை நீர் இடைவிடாது சுரந்து வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால் தடைப்பட்ட வயலில் நீர் தேங்குவது போல, அந்நீர் வடியும் வழி அடைபடுமானால் கண்ணுள் அழுத்தம் கூடுகிறது. பார்வை நரம்பு சிறிது சிறிதாக நசிகிறது. சிலர்க்கு அழுத்தம் மிகாமலேயே நரம்பு நலிவதும் உண்டு. பார்வை ஓரங்களிலிருந்து குறுகுகிறதேயன்றி, எதிரே இருப்பது நெடுநாள் தெளிவாகவே தெரிகிறது. ஆதலால் நோயாளிக்கே நோய் தெரிவதில்லை. 1976-ஆம் ஆண்டில் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையார், தென் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். 100-க்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதுவரை அதை அறியாதிருந்தனர்!

கண்ணில் உள்ள நோய்க்கும் இரவு உறக்கத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் நரம்பணுக்களுள் ஒரு சிறு பகுதி, உருவங்களைக் காட்டுவதைவிட, இது பகல், இது இரவு என்று மூளைக்கு அறிவிப்பதையே முதன்மையான வேலையாகக் கொண்டது. இவ்வுண்மை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. அவ்வறிவிப்பைக் கொண்டு மூளை நம் உடலின் நாழிகைக் கணக்கைச் சரி செய்துகொள்கிறது. இருட்டியபின் மெலடோனின் என்னும் சுரப்பு ஊறி உறக்கம் வருகிறது. கண்ணழுத்த நோயில் நசிவது இந்நரம்பணுக்களின் கூட்டமே. நோய் முற்றியவர்களிடத்தில் பகலிரவு அறிவிப்பும் மங்கிவிடக் கூடும். பகலில் அயர்வும் இரவில் விழிப்பும் அவர்களுக்கு நேருமானால் அது பிடிவாதமும் அன்று, பாசாங்கும் அன்று.

இதனினும் பெரியது மனக்கவலை. ஓரப் பார்வை போனவர் வரப்பில் இடறுகிறார். பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிளைக் காண்பதில்லை. எதிரே இருப்பதைப் பார்க்கிறாரே என்று வீட்டார் "கவனமில்லை" எனக் கடிந்துகொள்கின்றனர். அவரோ சைக்கிளை விடுகிறார். பின் சந்தையை விடுகிறார். உறவினர் வீட்டுத் திருமணத்திற்கும் "நீங்கள் போய் வாருங்கள்" என்று கூறிவிடுகிறார். முழுக் குருடாகிவிடுவோமோ என்ற அச்சம் இரவில்தான் பெரிதாகிறது. இந்நோயாளிகளிடையே மனச்சோர்வும் பதற்றமும் பிறரைவிட மிகுதி என்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

சோர்ந்த மனம் மருந்தைக் கைவிடும். கேடு இங்குதான் இருக்கிறது. "மாதக்கணக்கில் ஊற்றியும் பார்வை கூடவில்லையே" என்று கூறிப் புட்டியை ஒதுக்கிவைப்போர் பலர். கூடாது என்பது மெய்தான். கண்புரை போல் அறுவை செய்து திரும்பப் பெறும் பார்வையன்று இது. ஓடைக்கரையில் மண் அரித்துப்போன பின் கட்டும் கல்லணை, போன மண்ணைக் கொண்டுவருவதில்லை. எஞ்சிய காட்டைக் காக்கிறது. கண் மருந்தின் வேலையும் அதுவே. இதைத் தொடக்கத்திலேயே நோயாளிக்கு விளங்கச் சொல்லிவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

காலை வெயிலில் சிறிது நேரம் நடப்பது, எஞ்சியுள்ள நரம்பணுக்களுக்குப் பகலை உணர்த்தும். உடன் ஒருவர் செல்வது நல்லது. பகலுறக்கத்தையும் மாலைக்குப் பிந்திய காப்பி, தேநீரையும் குறைத்துக்கொள்ளலாம். படுக்கும்போது கண்ணழுத்தம் இயல்பாகவே சற்று ஏறுகிறது. ஆகவே முகத்தைத் தலையணையில் புதைத்துக் குப்புறப் படுத்தல் ஆகாது. பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறலும் இருந்தால் அதையும் டாக்டரிடம் கூற வேண்டும். டிமோலால் சேர்ந்த சொட்டு மருந்து சிலர்க்கு அயர்ச்சியை உண்டாக்குவதுண்டு. இழுப்பு நோயாளிக்கு அது ஆகாது. அப்படித் தோன்றினால் டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாமேயன்றித் தாமாக நிறுத்தலாகாது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது இன்னும் ஆபத்தானது. கண்ணின் வடிகால் குறுகியிருப்போர்க்குச் சில மாத்திரைகள் திடீரென அழுத்தத்தை ஏற்றி, கடும் வலியுடன் பார்வையைப் பறித்துவிடக் கூடும்.

முருங்கை விளையும் இப்பகுதியில், கண்ணுக்கு முருங்கைக்கீரை போதும் என்பாரும் உளர். கீரை நல்லதுதான், தாராளமாக உண்ணலாம். கண்ணழுத்தத்தை அது இறக்காது.

கவலை முற்றி, உணவிலும் பேச்சிலும் நாட்டம் போய்விட்டதெனக் கண்டால் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி இது, தமிழிலேயே பேசலாம். ஆயினும் முதல் உதவி வீட்டாருடையது. இரவுச் சாப்பாட்டிற்குப் பின் ஊற்றும் மருந்தாயின், பேரனோ பேத்தியோ நாள்தோறும் அதே வேளையில் ஊற்றிவிட்டு, சற்று நேரம் அருகிலிருந்து பேசட்டும். இரு வகை மருந்துகள் இருப்பின் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 5 நிமிடம் விட வேண்டும். பேசுவதற்கு அதுவே நல்ல இடைவெளி. நோய் குடும்ப வழியிலும் வருவதால், அடுத்த முறை கண் மருத்துவமனைக்குச் செல்லும்போது முதியவரின் தம்பி தங்கையரும், 40 வயதை எட்டிய மக்களும் உடன் சென்று தத்தம் கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொண்டு வரலாம்.