செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கும் தீவு

மாலைதீவு என்றதும் நமது வீடுகளில் நினைவுக்கு வருவது மாசிக் கருவாடு. சம்பலுக்கு இடித்துப் போடும் அந்தத் துண்டுகள் தலைமுறை தலைமுறையாக அங்கிருந்துதான் வந்தன. இன்று அதே தீவுகளில், ஓர் இரவு தங்க ஆயிரம் அமெரிக்க டொலருக்கும் மேல் அறவிடும் விடுதிகள் இருக்கின்றன. அப்படி என்னதான் அங்கே கிடைக்கிறது? அந்தப் பணம் யாருடைய கைக்குப் போய்ச் சேருகிறது? கடற்கரையோரம் காணி உள்ளவர்களும் மரக்கறி செய்து பிழைப்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது.

ஒரு தீவு, ஒரு விடுதி

மாலைதீவில் ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள் உள்ளன. மக்கள் குடியிருப்பவை சுமார் 200 மட்டுமே. 1960களில் வந்த ஐக்கிய நாடுகள் குழுவொன்று, உல்லாசப் பயணத்துறைக்கு இந்நாடு ஏற்றதல்ல என்று கருதியது. ஆயினும் 1972இல் குரும்பா என்ற முதல் விடுதி 30 அறைகளுடன் திறக்கப்பட்டது. முருகைக் கல்லாலும் மரத்தாலும் கட்டி, ஓலையால் வேய்ந்த எளிய அறைகள் அவை. இன்று அங்கு 150க்கும் மேற்பட்ட விடுதித் தீவுகள் உள்ளன.

முறை இதுதான்: ஆளில்லாத ஒரு தீவை அரசாங்கம் ஒரு கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கும். அந்தத் தீவில் விடுதியைத் தவிர வேறு ஊர் இல்லை, கடைத்தெரு இல்லை. மக்கள் வாழும் தீவுகளில் மதுபானம் தடை. விடுதித் தீவுகளில் அதற்கு அனுமதி உண்டு. இவ்வாறு விருந்தினரும் ஊராரும் ஒருவரையொருவர் காணாதபடியே இத்தொழில் வளர்ந்தது.

தனிமைக்குப் பின்னால்

பா பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள குன்ஃபுனதூ தீவில் 1995இல் சொனேவா ஃபுஷி விடுதி தொடங்கியது. கடல் விமானத்தில் வந்து இறங்கும் விருந்தினரின் செருப்பை வாங்கிப் பையில் போட்டு வைத்துவிடுவார்கள். போகும்வரை வெறுங்கால்தான். வரப்பில் வெறுங்காலோடு நடப்பது நமக்குப் புதினமல்ல. அங்கே அதற்கும் சேர்த்துத்தான் காசு. பெரும்பாலான வீடுகள் மரங்களுக்குள் மறைந்திருக்கும். கடற்கரைக்குப் போகத் தனிப் பாதை உண்டு. பக்கத்து வீட்டார் கண்ணில் படமாட்டார்கள்.

கண்ணில் படாதவை வேறும் உண்டு. சிறு தீவுகளில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே விடுதிகள் கடல்நீரை உப்பகற்றியே பாவிக்கின்றன. அதற்கும் குளிரூட்டிக்கும் வேண்டிய மின்சாரம் பெரும்பாலும் டீசல் இயந்திரங்களிலிருந்தே வருகிறது. வேலைசெய்பவர்களில் மாலைதீவினரோடு பங்களாதேஷ், இந்தியா, இலங்கையைச் சேர்ந்தவர்களும் உள்ளனர். அவர்களது தங்குமிடம் விருந்தினர் நடமாட்டத்துக்கு அப்பால் இருக்கும்.

உணவில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. இலங்கை மரக்கறியும் பழமும் அவற்றுள் அடங்கும். நம்மவர் விளைவித்த மிளகாயும் பப்பாசியும் அங்கே பரிமாறப்படலாம். தோட்டத்தில் கிடைத்த விலைக்கும் அந்த மேசையின் விலைக்கும் இடையே எத்தனை கைகள்!

மேலே சொன்ன விடுதியில் நாம் கவனிக்க வேண்டிய நல்ல காரியமும் ஒன்றுண்டு. குசினிக் கழிவை அங்கேயே கூட்டெருவாக்கி, மணல் தரையில் கீரையும் மரக்கறியும் பயிரிடுகிறார்கள். 2008இலிருந்து வெளியிலிருந்து போத்தல் தண்ணீர் கொண்டுவருவதை நிறுத்தி, தாமே சுத்திகரித்துக் கண்ணாடிப் போத்தல்களில் நிரப்புகிறார்கள். இல்லாவிட்டால் குப்பை எங்கே போகும்? தலைநகர் மாலேக்கு அருகே, திலாஃபுஷியில் 1990களின் தொடக்கத்திலிருந்து குப்பை கொட்டியே ஒரு தீவு உருவாகியிருக்கிறது.

ஊரார் விருந்தளித்தபோது

நெடுங்காலமாக, மக்கள் வாழும் தீவுகளில் உல்லாசப் பயணிகளைத் தங்க வைக்கத் தடை இருந்தது. ஊராருக்குக் கிடைத்தது விடுதியில் கூலிவேலை. அதுவும் பெரும்பாலும் ஆண்களுக்கே. வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு வேறு தீவில் தங்கிப் பெண்கள் வேலைசெய்வது எளிதன்று. 2009ஆம் ஆண்டளவில் இந்தத் தடை நீங்கியது. மாஃபுஷி என்ற சிறு தீவில் ஊரார் தம் இடங்களிலேயே தங்கு விடுதிகளை நடத்தத் தொடங்கினர். படகுக்காரர், சமையற்காரர், கடைக்காரர் ஆகியோருக்கும் வரும்படி வந்தது. குறைந்த செலவில் வரும் பயணிகளுக்கும் அந்தக் கடல் கிட்டியது. கூட்டமும் குப்பையும் அங்கேயும் கூடின என்பதையும் சொல்லவேண்டும்.

கடலும் மணலும் இரண்டு தீவுகளிலும் ஒன்றுதான். நிலம் யார் கையில், விருந்தளிப்பவர் யார் என்பதில்தான் வித்தியாசம். யுத்தம் முடிந்தபின் நமது பாசிக்குடாக் கரையிலும் சொகுசு விடுதிகள் எழுந்துள்ளன. இடம்பெயர்ந்து, காணிக்குத் திரும்பியவர்களிடமும் திரும்பக் காத்திருப்பவர்களிடமும் நாளை ஒருவர் ஒப்பந்தத்தாளுடன் வரக்கூடும். கையெழுத்திட முன்னர் இவற்றைக் கூடிப் பேசுங்கள்:

1. காணியை விற்பதா, குத்தகைக்குக் கொடுப்பதா? எத்தனை ஆண்டுகளுக்கு?

2. வள்ளம் இழுக்கவும் கரைவலை போடவும் பாதை திறந்திருக்குமா?

3. தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும்? நமது கிணறுகள் என்னவாகும்?

4. நமது மரக்கறியையும் மீனையும் நம்மிடமே நேரடியாக வாங்குவார்களா?