கேமரன் மலைக்குள் ஆறிய குழம்பு

சுமத்ராவில் நிலம் நடுங்கினால் எங்கள் வானொலிக்கு அழைப்புகள் குவியும். "அண்ணே, விளக்கு ஆடுது" என்பார்கள், பெரும்பாலும் அடுக்குமாடிகளின் மேல்மாடியிலிருந்து. அப்படி ஒருநாள் ஒரு பாட்டி கேட்டார்: "தம்பி, அங்க அத்தனை எரிமலை. நம்ம பக்கம் ஏன் ஒன்னுகூட இல்ல?" பாட்டு ஒன்றைப் போட்டுச் சமாளித்துவிட்டேன். பிறகுதான் தேடிப் படித்தேன்.

சுமத்ராவின் மேற்கே, இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு நம் தட்டுக்குக் கீழே ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நுழைகிறது. உரசும் சூட்டில்தான் பாறை உருகுகிறது என்று நினைத்திருந்தேன். இல்லை, காரணம் தண்ணீர்! கடலில் ஊறிய தட்டு சுமார் 100 கி.மீ. ஆழம் போனதும், அதன் நீர் பிழிந்து மேலுள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். அந்தக் குழம்புதான் சினாபுங் போன்ற எரிமலைகளாக வெடிக்கிறது. 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா கக்கிய சாம்பல் பேராக்கின் லெங்கோங்கில் இன்றும் படிந்து கிடக்கிறது. நம் தீபகற்பம் அந்த எரிமலை வரிசைக்குத் தள்ளி இருப்பதால் தப்பித்தது.

ஆனால் நமக்கும் ஒரு காலம் இருந்தது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இரண்டு நிலத்துண்டுகள் இங்கே மோதி ஒட்டிக்கொண்டன. அப்போது உருகிய குழம்பில் பெரும்பகுதி ஆழத்திலேயே ஆறிக் கருங்கல்லானது. மேலிருந்ததை மழை அரித்துவிட, அதுவே இன்று தித்திவங்சா மலைத்தொடர். கேமரன் மலைச் சாலையோரப் பாறைகளும் அந்தக் குழம்புதான். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் அதோடு வந்ததே.

அந்தப் பாட்டி கம்பார்காரர். கணவர் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று அன்றே சொல்லியிருந்தார். மறுபடி அழைப்பாரா என்று காத்திருக்கிறேன்.