அரிசி மணப்பது ஏன்?

பூதிகோட்டையிலோ தங்கவயலிலோ திருமண வீட்டில் பிரியாணிக்குச் சீரகச் சம்பா வேகும்போது, அதன் மணம் தெருமுனை வரை வந்து நம்மை வரவேற்கும். மண அரிசிகளின் வாசனைக்கு முதன்மைக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும் வேதிப்பொருள். சமையலில் சேர்க்கும் ரம்பை இலையின் வாசனைக்கும் இதுவே காரணம்.

சாதாரண அரிசியில் இப்பொருள் மிகக் குறைவு. நெல்லின் 8ஆம் குரோமோசோமில் உள்ள ‘பிஏடிஎச்2’ என்னும் மரபணு ஒரு நொதியை உருவாக்குகிறது. மணப்பொருளாக மாற வேண்டிய மூலப்பொருளை அந்நொதி வேறொன்றாக மாற்றிவிடுகிறது. பாசுமதி முதலிய பல வகைகளில் இம்மரபணுவின் 8 எழுத்துகள் விடுபட்டுள்ளன. அதனால் நொதி செயலிழக்கிறது. மூலப்பொருள் தேங்கி மணப்பொருளாகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2005இல் இதனை வெளியிட்டனர். ஒரு மரபணு பழுதுபட்டதாலேயே நமக்கு இந்த நறுமணம் வாய்த்தது.

இது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை ஆகிய இரு வழியிலும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் மணம் வெளிப்படும். மண நெல்லைச் சாதாரண நெல்லுடன் கலந்தால், முதல் தலைமுறைப் பயிரில் மணம் மறைந்துவிடும். அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மணக்கும்.

மணம் குன்றினால் விலையும் குன்றும். ஆகவே மண நெல் பயிரிடும் உழவர்கள் வேற்று நெல் கலவாத விதையைத் தேர்ந்து, களத்திலும் குதிரிலும் தனியே காத்தல் வேண்டும். மணப்பொருள் எளிதில் ஆவியாகக்கூடியது. வாங்கிய அரிசியை இல்லத்தரசிகளும் காற்றுப்புகாத கலத்தில் மூடி வைப்பது நன்று.