அறுபத்திரண்டில் ஒரு பத்திரிகை

கருத்தை மாற்றிக்கொண்டவரை நாம் எளிதில் மன்னிப்பதில்லை. நேற்று ஒன்று சொன்னார், இன்று வேறொன்று சொல்கிறார் என்று கணக்குப் பார்க்கிறோம். அந்தக் கணக்கில் அயோத்திதாசப் பண்டிதர் தேறுவாரா?

1845-இல் பிறந்த அவருக்கு வீட்டில் வைத்த பெயர் காத்தவராயன். ஆசிரியர்மேல் கொண்ட மதிப்பால் அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். இளமையில் நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தினார். 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து, சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் நம் மக்கள் ஏன் நுழையக்கூடாது என்று கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரன், கருப்பண்ணசாமி எல்லாம் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்றார்.

ஆனால் மறுநாளே அவர் பௌத்தராகிவிடவில்லை. இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றது 1898-இல், 53 வயதில். இடையே ஆறு ஆண்டுகள். மேடையில் சொன்ன ஒரு சொல் வாழ்க்கையாக மாற அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. (நாமோ ஒரு கருத்தரங்கம் முடிவதற்குள் மாறிவிட நினைக்கிறோம்.) பதில்கள் மாறின, 1892-இல் கேட்ட கேள்வியை அவர் கைவிடவில்லை. யார் நம்மை இழிந்தவர்களாக்கியது, எப்போது? அதற்கு விடை தேடித்தான் தமிழ் நூல்களைப் பௌத்த நோக்கில் மறுபடியும் படித்தார்.

1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது 62. சித்த மருத்துவரான அவர் பத்திரிகையாசிரியரும் ஆனார். 1914-இல் இறக்கும்வரை நடத்தினார். இன்று அயோத்திதாசர் சிந்தனைகள் என்று நாம் வாசிக்கும் தொகுதிகளில் பெரும்பகுதி அந்த ஏழாண்டு எழுத்துதான்.